எலுமிச்சம்பழத்தை நசுக்க முடியாத வண்டி

தளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவன், அறைக்குப் போகாமல் நேராகப் பந்தயக் கொல்லைக்குப் போனேன். உடம்பெல்லாம் முட்டைக்கோஸ் வாடை. ஒரு வாரமாக அங்கே லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

மத்திகிரியைத் தாண்டி, அந்த வருஷம் விதைக்காமல் விட்ட கொல்லை ஒன்றில்தான் ரிமோட் கார் பந்தயம். கறுப்புக் குழாயை வளைத்து வளைத்துப் பதித்துப் பாதை போட்டிருப்பார்கள். ஒரு முழ நீளமுள்ள வண்டிகள் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு அதில் ஓடும். கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் கத்துவார்கள். கொல்லைக்காரரின் மாடுகள் மட்டும் தலையைத் தூக்காமல் மேய்ந்துகொண்டிருக்கும்.

கேசவன் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்திருந்தான். வலது கை பேண்ட் பைக்குள் இருந்தது. காலடியில் அவன் வண்டி கிடந்தது. முதல் ஓட்டம் முடிந்துவிட்டதாம். சுற்றுக்குச் சுற்று குழாயில் போய் முட்டியதாம். அவன் மனைவி மஞ்சுளா சற்றுத் தள்ளி, டிபன் டப்பாவைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாய்கிட்ட சொல்லி என் பேர அடிச்சிடுணா," என்றான் கேசவன்.

பந்தயம் நடத்தும் சலீம் பாயைச் சொன்னான். ஏன் என்று கேட்டேன்.

"கை இழுக்குது. நேரா போவட்டும்னு புடிச்சாலும் எடது பக்கமா இழுக்குது. ஒரு வாரமா பாத்துட்டன். வண்டி மேல தப்பு இல்ல."

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சக்கரம் எதைக் கண்டாலும் சுழற்றிப் பார்ப்பேன். தள்ளுவண்டியாக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சராக இருந்தாலும் சரி. பேச்சு ஒன்றும் தோன்றாததால் அவன் வண்டியை எடுத்து மடியில் கவிழ்த்து, ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிவிட்டேன். மூன்று சக்கரங்கள் நான் நிறுத்தும்வரை சுற்றின. முன் இடது சக்கரம் அரைச் சுற்று வந்து நின்றுவிட்டது.

அந்த அரைச் சுற்றைப் புரியவைக்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்தக் கை

மத்திகிரியில் வரிசை வீடுகளில் ஓர் அறை எடுத்திருந்தேன். அறை என்று ஒன்று இருந்தாலும் நான் அதில் தொடர்ந்து ஒரு மாதம் இருந்ததில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்தே அப்படித்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலை, பிறகு கல் கிரஷர், பிறகு லாரி, பிறகு பெங்களூரில் கட்டட வேலை. ஒரு இடத்தில் சோறு ருசிக்க ஆரம்பித்தால் எனக்குக் கிளம்ப வேண்டும் போலிருக்கும்.

பக்கத்து வீட்டில் கேசவனும் மஞ்சுளாவும். அவன் ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டினான். தகடு வெட்டும் இயந்திரம். ஒரு நாள் ஷிப்டு முடியும் நேரத்தில் அது அவன் வலது கையை வாங்கிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. மோதிர விரல் பாதி. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

இந்தப் பக்கம் இது புதுச் செய்தி அல்ல. டீக்கடையில் டம்ளரை வாங்கும் கைகளைக் கவனித்தால் தெரியும். ஆனால் அவரவர் கை அவரவருக்குப் புதிதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் அவன் வெளியே போவதை நிறுத்திவிட்டான். போனால் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு போனான். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு மஞ்சுளா மட்டும் போய்வந்தாள். கேட்டவர்களுக்கு 'அவருக்கு ஷிப்டு' என்று சொன்னாள். வேலையே இல்லாதவனுக்கு ஷிப்டு.

இந்த நிலையில்தான் அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து அவள் தம்பியின் கல்யாணச் செய்தி வந்தது. மாப்பிள்ளையின் அக்காள் அவள். நாத்தனார் முடிச்சு அவள்தான் போட வேண்டும். "நீ வரலன்னா நானும் போவல," என்று சொல்லிவிட்டாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. சுவர் மெல்லியது, எனக்குக் கேட்டது.

இரண்டு நாள் கழித்து அவன் பதில் சொன்னான். பந்தயத்தில் நாலு பேர் முன்னால் இந்தக் கையால் ஓட்டி முடித்தால் வருகிறேன், இல்லாவிட்டால் என்னைக் கூப்பிடாதே என்று.

சட்டைப் பொத்தான் அளவு

வண்டி பழையது. பெங்களூரில் யாரோ கழித்துக்கட்டியதை, கை நன்றாக இருந்த காலத்தில் வாங்கி வைத்திருந்தான். அதன் ரிமோட்டைத் துப்பாக்கிபோல இடது கையில் பிடிக்க வேண்டும். வேகம் இடது ஆள்காட்டி விரலில். திருப்புவதற்குப் பக்கவாட்டில் ஒரு குட்டிச் சக்கரம். அதை வலது கையால் உருட்ட வேண்டும். அதற்குத்தான் விரல்கள் இல்லை.

சைக்கிள் டியூபை வெட்டி அந்தக் குட்டிச் சக்கரத்தின்மேல் சுற்றினான். கட்டை விரலும் சுண்டு விரலும் வழுக்காமல் பிடித்தன. மாதக்கணக்கில் பழகினான்.

ஆனால் கை நிஜமாகத் தேறியது ஓட்டியதால் அல்ல, பேரிங் கழுவியதால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வண்டியின் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இரண்டு பேரிங். சட்டைப் பொத்தான் அளவுதான். எங்கள் செம்மண் மாவுபோல இருக்கும், எங்கேயும் புகுந்துவிடும். ஒவ்வொரு முறை ஓட்டியதும் அவற்றைக் கழற்றி, ஜாம் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, உள்ளே போட்டு, மூடிக் குலுக்க வேண்டும். பெட்ரோல் டீ நிறமாகும். கொட்டிவிட்டு மறுபடி. நிறம் மாறாமல் வரும்வரை. பிறகு பழைய பனியன் துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய்.

அந்தப் பொத்தான்களைக் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் பிடித்து எடுப்பான். நழுவி உருண்டு கட்டிலுக்கடியில் போகும். குனிந்து எடுப்பான். மறுபடி நழுவும். நான் எடுத்துக் கொடுக்கப்போனால், "உன் வேலயப் பாருணா," என்பான். வேலையில்லாத என்னைப் பார்த்து.

கிரீஸா எண்ணெயா

எண்ணெய் விஷயத்தில் எங்களுக்குள் சண்டை. கிரஷரில் கன்வேயர் உருளைகளுக்குக் கிரீஸ் அடித்தவன் நான். அங்கே பேரிங் என்றால் சாப்பாட்டுத் தட்டளவு இருக்கும். கையாலேயே அள்ளி அப்புவோம். கல்தூசு எங்கள் மூக்குக்குள் போனாலும் பேரிங்குக்குள் போகக் கூடாது. அதனால் இதற்கும் கிரீஸ்தான் வைக்க வேண்டும் என்று நான் சாதித்தேன்.

அவன் போனில் பார்த்ததைச் சொன்னான். கெட்டியாக எதையும் வைத்தால் இந்தச் சின்ன மோட்டாருக்கு இழுக்கத் தெம்பு போதாதாம். ஒரு முறை என் பேச்சைக் கேட்டுக் கிரீஸ் வைத்தான். வண்டி கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதுபோல நகர்ந்தது. அதன்பிறகு தையல் மிஷின் எண்ணெய்தான்.

இன்னொன்றில் இருவரும் ஒத்துப்போனோம். கம்பெனிகளில் காற்றுக்குழாய் இருக்கும். கழுவின பேரிங்கின் மேல் அதைக் காட்டினால் விசில் அடித்துக்கொண்டு சுற்றும். இந்த விளையாட்டு விளையாடாத ஆள் இந்தத் தொழிற்பேட்டையில் கிடையாது. எண்ணெய் இல்லாமல் அப்படிச் சுற்றினால் உள்ளிருக்கும் இரும்புக் குண்டுகள் கீறிப்போகும். கேசவன் அதைச் செய்யவே விடமாட்டான். "சும்மா சத்தம் கேக்கறதுக்காக ஒரு பொருளக் கெடுக்கறதா?" என்பான்.

பொரி, சந்தனம், பழம்

ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் அந்த வாரம் எந்தத் தெருவில் போனாலும் பொரி காலில் மிதிபடும். பூசணிக்காய் உடைத்த இடத்தில் வண்டிகள் வழுக்கும். பேரிங் கடை வைத்திருக்கும் சலீம் பாய்கூடத் தன் கடை ஆட்களுக்காகப் பொரி மூட்டை வாங்கி வைத்துவிடுவார். பந்தயங்களை நடத்துவதும் அவர்தான். எனக்கு எப்போதாவது வேலை கொடுப்பதும் அவர்தான்.

அன்று மஞ்சுளா வீட்டில் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தாள். மிக்ஸி, அரிவாள்மணை, என் பழைய மண்வெட்டி. வண்டிக்கும் வைக்க வேண்டும் என்றாள். கேசவன் கூடாது என்றான்.

"அந்த பிரஸ்ஸுக்கு வருஷா வருஷம் சந்தனம் பூசனது இந்தக் கைதான்," என்றான்.

ஆனால் பேரிங்குகளை அன்றைக்கு அவன் கழுவினான். கழுவுவது வேறு, கும்பிடுவது வேறு என்பது அவன் கணக்கு. பெட்ரோல் நிறம் மாறாமல் வரும்வரை அலசி, உலர்த்தி, சக்கரங்களில் மாட்டினான். எண்ணெய்ப் புட்டியை எடுக்கும்போது மஞ்சுளா தடுத்தாள். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக் கூடாது, அது ஓய்வெடுக்க வேண்டும். இதிலாவது தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்றாள். சரி என்று புட்டியை வைத்துவிட்டுத் தயிர் வாங்கப் போனான்.

நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது வண்டிக்கு மேலும் சக்கரங்களிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். கேசவன் தயிரோடு வந்தான், பார்த்தான், உள்ளே போனான். எனக்கு ஒரு பொட்டலம் பொரி கிடைத்தது. அதைத் தின்றுகொண்டே அன்று மாலை தளிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை அவன் எண்ணெய் விட்டுப் பழக ஆரம்பித்தான். அன்றிலிருந்து வண்டி இடது பக்கம் இழுத்தது. நாளுக்கு நாள் அதிகமானது. பேரிங்கை அவன் நினைக்கவே இல்லை, வழக்கமாகக் கழுவுவதைக்கூட அந்த வாரம் விட்டுவிட்டான். அதுதான் பூஜைக்குக் கழுவியதாயிற்றே. தன் கைமேல் சந்தேகம் வந்துவிட்டவன் வண்டியைக் கவிழ்த்துப் பார்க்கமாட்டான்.

தகர மூடிக்குள்

தார்ப்பாய் நிழலுக்குத் திரும்புகிறேன். நான் அந்தச் சக்கரத்தை மறுபடி தட்டினேன். மறுபடி அரைச் சுற்று.

"கேசவா, இதைப் பார்," என்றேன். அவன் பார்க்கவில்லை. மண் புகுந்திருக்கும், அதெல்லாம் காரணம் இல்லை, சமாதானம் சொல்லாதே என்றான்.

சக்கரத்தைக் கழற்றி இரண்டு பேரிங்குகளையும் எடுத்தேன். உள்பக்கத்தது சரியாக இருந்தது. வெளிப்பக்கத்தது விரலில் மாட்டித் திருப்பினால் நறநறவென்றது. அதற்குத் தகர மூடி. மூடிக்கும் வளையத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிதான். திறந்தால் திரும்ப மூட முடியாது, பேரிங் போய்விடும். திறக்காமல் அவன் நம்பப் போவதில்லை.

மஞ்சுளாவிடம் ஊக்கு கேட்டேன். தாலிச் சரட்டில் கோத்திருந்ததில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். அந்த முனையால் நெம்பினேன். மூடி வளைந்து தெறித்தது.

உள்ளே குண்டுகள் தெரியவில்லை. துருவும் சந்தனமும் குங்குமமும் மண்ணும் எண்ணெயில் குழைந்து, செங்கல் நிறத்தில் அடைத்துக்கொண்டிருந்தன. அந்தக் குழம்பில் நூலளவு ஒரு சக்கை. விரலால் தேய்த்து முகர்ந்தேன். எண்ணெய் நாற்றத்துக்கு அடியில் சந்தன வாசம் இன்னும் இருந்தது.

கேசவன் எட்டிப் பார்த்தான். சலீம் பாயும் வந்து குனிந்தார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன் மஞ்சுளாவே சொன்னாள்.

"அந்த சக்கரத்துக்குத்தான் மொதல்ல பழம் வெச்சன். வண்டிய மேல உருட்டனா பழம் நசுங்கவே இல்ல. வண்டில கனமே இல்ல. ரெண்டு கையையும் மேல வெச்சி அமுக்கனன். சாறு அப்படியே உள்ள அடிச்சிது. அதுக்கப்பறந்தான் மத்த மூனையும் அறுத்து வெச்சன்."

பாய் தாடியைத் தடவினார். "லாரிக்கு வெக்கற பழத்த இதுக்கு வெப்பாங்களாம்மா? எலந்தப்பழம் வெச்சிருந்தா நசுங்கிருக்குமே."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கணக்கு புரிந்துவிட்டது. பெட்ரோலில் அலசிய இரும்பில் எண்ணெய்ப் பசை துளிகூட இல்லை. அதன்மேல் எலுமிச்சைச் சாறு. அப்படியே ஓர் இரவு ஓய்வு. மறுநாள் விட்ட எண்ணெய் துருவின் மேல்தான் விழுந்தது. அவன் கழுவிய சுத்தமும் அவள் வைத்த பக்தியும் சேர்ந்துதான் அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கின்றன. ஏதாவது ஒன்று குறைந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

மஞ்சுளா அவனைப் பார்த்துச் சொன்னாள். "அந்த மிசினு வருஷா வருஷம் சந்தனத்த வாங்கிக்கினும் நம்ம பேச்சக் கேக்கல. இதாவது கேக்கட்டும்னுதான் வெச்சன். இழுத்தது உன் கை இல்ல. என் கை."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொன்ன பிறகு வைத்தவள் அவள். ஒரு வாரம் அவன் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்தத் திறந்த பேரிங்கை இடது கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப கை இல்லயா?" என்றான். என்னிடம் கேட்டானா அவளிடமா என்று தெரியவில்லை.

அடுத்த ஓட்டத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். பேரிங்குக்கு எங்கே போவது? "கிரஷருக்குக் கேளு, போர்வெல் மோட்டாருக்குக் கேளு, கடை நெறய வெச்சிருக்கன். இந்த சைசுல ஒன்னு இல்ல," என்றார் பாய். பிறகு தன் வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் முன் சக்கரத்தைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தார். "நான் ஓட்டி ஜெயிச்சி யாரு பாத்தாங்க? எடுத்துக்க."

அந்தப் பேரிங்கை நான் வாங்கி மாட்டப் போனேன்.

"குடுணா," என்றான் கேசவன்.

வலது கை பைக்குள்ளிருந்து வெளியே வந்தது. நீட்டினான். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பேரிங்கை அவன் உள்ளங்கையில் வைத்தேன். கட்டை விரலாலும் சுண்டு விரலாலும் எடுத்துத் துளைக்கு நேராகக் கொண்டுபோனான். நழுவி மண்ணில் விழுந்தது. எடுத்து ஊதினான், சட்டையில் துடைத்தான், காதருகே சுழற்றிக் கேட்டான். மறுபடி கொண்டுபோனான். பாய் பாதைப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினார். 'டக்' என்று உட்கார்ந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சக்கரத்தைப் பூட்டித் தட்டிவிட்டான். அது சுற்றிக்கொண்டே இருந்தது.

கடைசி வளைவு

அவன் ஜெயிக்கவில்லை. புது வண்டிகள் அவனை இரண்டு தடவை சுற்றித் தாண்டிப் போயின. ஆனால் அவன் வண்டி நேராகப் போனது. திருப்பிய இடத்தில் திரும்பியது. கடைசி வளைவில் மட்டும் வேகத்தைக் குறைக்காமல் போய்க் குழாயில் மோதி, குட்டிக்கரணம் போட்டு, மறுபடி சக்கரத்தில் விழுந்து, ஓடி முடித்தது.

ஓட்டி முடித்து வந்தவனின் முகமெல்லாம் மண்.

"அந்த ஒன்னு மட்டும் என் கைதான்ணா. அவசரப்பட்டுட்டன்," என்றான். தப்பைச் சொல்கிறவன் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

மஞ்சுளா டிபன் டப்பாவைத் திறந்தாள். புளிச்சோறு. பாய்க்கும் எனக்கும் சேர்த்துத்தான் கட்டியிருந்தாள். என் ஊக்கு எங்கே என்று கேட்டாள். தேடினோம், கிடைக்கவில்லை. மூடி தெறித்தபோது அதுவும் மண்ணில் போயிருக்கும்.

அஞ்செட்டி பஸ்

கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் நல்ல கூட்டம். அந்தப் பக்கம் போகும் பஸ்களே கொஞ்சம், இதை விட்டால் அடுத்தது மத்தியானம்தான். மஞ்சுளாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கேசவனும் நானும் நின்றோம். தம்பிக்குச் சீராக வாங்கிய பித்தளைக் குடத்தை அவன் இடது கையில் அணைத்துக்கொண்டிருந்தான். வலது கை வழக்கம்போல் பைக்குள் இருந்தது.

தேன்கனிக்கோட்டை தாண்டியதும் காடு ஆரம்பித்தது. காற்று குளிர்ந்தது. அவளுடைய ஊர்க்காரர்கள் சிலரும் அதே பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். ஒரு பெரியவர், கேசவன்தான் மாப்பிள்ளையின் மச்சான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, திரும்பித் திரும்பி இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். குடத்தை என்னிடம் கொடு என்று நான் கை நீட்டினேன். கேசவன் கொடுக்கவில்லை.

கண்டக்டர் முன்னாலிருந்து சொன்னார்: "நிக்கறவங்கெல்லாம் கெட்டியா புடிச்சிக்குங்க. வளைவு வருது."

கேசவன் வலது கையை வெளியே எடுத்தான். தலைக்கு மேலிருந்த கம்பியைக் கட்டை விரலும் சுண்டு விரலும் வளைத்துப் பிடித்தன. பஸ் சாய்ந்தது. கூட்டம் ஒட்டுமொத்தமாக இடது பக்கம் சரிந்தது. அவன் சரியவில்லை.

பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் குடத்தை வைக்க இடம் விட்டார். மஞ்சுளா எதையும் கவனிக்காதவள்போல ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.